பாலத்துக்குக் கீழே ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது?

வாசகர் கேள்வி, ஜூன் 9

அக்கா மகன் பி.இ. முடித்துவிட்டு வேலைக்கும் போகிறான். வேலூர்க்காரன். திப்பு சுல்தான் எந்த நூற்றாண்டு என்று கேட்டால் விழிக்கிறான். சித்தூர் எந்த மாநிலம் என்றால் கர்நாடகமா என்கிறான். கொஞ்சம் கண்டித்தால், "போனில் தட்டினால் வந்துவிடும், இதையெல்லாம் எதற்கு மண்டையில் ஏற்ற வேண்டும்" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதா?

ஜூன் 9, இரவு

நியாயம் இல்லை என்றுதான் சொல்வேன்.

வேலூரில் மாலை நேரத்தில், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வரலாறும் புவியியலும் எடுக்கிறேன். பாதிக்கு மேல் பட்டதாரிகள். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது: "காட்பாடி போகும்போது பாலத்தைத் தாண்டுகிறீர்களே, கீழே பாலாறு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது?" அன்றாடம் பேருந்திலோ பைக்கிலோ அந்தப் பாலத்தில் வந்து போகிறவர்கள்தான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "அதில் தண்ணியே இல்லையே சார், எப்படித் தெரியும்?" என்று ஒரு குரல் வரும். தண்ணீர் இல்லாவிட்டால் என்ன? சூரியன் எந்தப் பக்கம் எழுகிறது, கடல் எந்தப் பக்கம் இருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் ஆறு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது என்று சொல்லிவிடலாம். இரண்டுமே அவர்களுக்குத் தெரியும். சேர்த்துப் பார்க்க யாரும் பழக்கவில்லை.

போனில் தட்டினால் வரும் என்பது உண்மைதான். எதைத் தட்டுவது என்று தெரிந்தவனுக்கு வரும். தன்னிடம் இல்லாத ஒன்று இருக்கிறது என்றே தெரியாதவன் எதைத் தேடுவான்?

ஜூன் 10

சித்தூர் விஷயத்தை நேற்று விட்டுவிட்டேன். வேலூரிலிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிற ஊர் அது. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரமே சித்தூர்தான். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமான பிறகுதான் வேலூருக்கு அந்த இடம் கிடைத்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் அங்கே போனது. 1960 ஏப்ரலில் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. இப்போது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்திலும், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்திலும் இருப்பது 2019இல் நடந்த பிரிவினையால். இன்று நிற்கிற எல்லைக்கோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது. உங்கள் அக்கா மகனுக்கு சித்தூர் தெரியாததைப் புவியியல் தெரியாதது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், அதில் வரலாறும் சேர்ந்து விடுபட்டிருக்கிறது. இரண்டையும் தனித்தனிப் பாடமாக நினைப்பதை நான் விட்டுப் பல வருஷமாகிறது.

ஜூன் 11

"எங்கள் காலத்தில் எல்லாம் தெரிந்திருந்தது" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. யுனெஸ்கோ நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக அறிவித்துவிட்டது என்ற பொய்ச் செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை அனுப்புகிறவர்கள் இருபது வயதுக்காரர்கள் இல்லை. ஓய்வு பெற்ற பெரியவர்கள். பிள்ளைகளிடம் அனுப்பினால் அரை நிமிடத்தில் பொய் என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. முந்தைய தலைமுறைக்கு ஏட்டில் இருந்தது தெரியாமல் போயிருக்கலாம், காலடியில் இருந்தது தெரிந்திருந்தது. எங்கள் பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. எந்த ஏரி நிரம்பினால் எந்தக் கால்வாய் வழியாக எந்த ஏரிக்குத் தண்ணீர் போகும் என்று சுற்றுவட்டாரத்துக்கே சொல்வார். "ஈசானி மூலையில் கறுத்திருக்கு, துணியை எடு" என்பார். வடகிழக்கு என்று ஏட்டில் படித்த என் மாணவனுக்கு, நிற்கிற இடத்திலிருந்து அந்த மூலையைக் கை காட்டத் தெரியவில்லை.

ஜூன் 14

"பத்தாம் வகுப்பில் மேப் கேள்விக்கு எல்லோரும் முழு மதிப்பெண் வாங்குகிறார்களே, பிறகு எப்படித் தெரியாமல் போகும்?" நல்ல கேள்வி. அந்த முழு மதிப்பெண் எப்படி வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

என்னிடம் படிக்கிற ஒரு பெண், பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் எடுத்தவள். கடையில் விற்கிற வெளிக்கோட்டு மேப் ஒரு தாள் கொடுத்து நெய்வேலியைக் குறிக்கச் சொன்னேன். பென்சிலை எடுத்தாள். கடற்கரைக் கோட்டில் புதுச்சேரிக்குக் கீழே இருக்கிற சின்ன வளைவைத் தேடினாள், அங்கிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே வந்தாள், புள்ளி வைத்தாள். மிகச் சரியான இடம். "சரிம்மா, வேலூரிலிருந்து நெய்வேலிக்குப் போக எந்தத் திசையில் கிளம்புவாய்?" என்றேன். தாளில் வேலூரைக் காணோம், ஏனென்றால் வேலூர் அந்த வருஷம் குறிக்கச் சொன்ன பட்டியலில் இல்லை. நெய்வேலியில் என்ன கிடைக்கிறது என்றேன், "பழுப்பு நிலக்கரி" என்று உடனே வந்தது. நம் வீட்டு மின்சாரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றேன். அது பாடத்தில் இல்லை சார் என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கேட்டதைக் கேட்டபடி செய்து காட்டியிருக்கிறாள். நாம் கேட்டதுதான் அவ்வளவு குறைவு.

காலக்கோட்டுக் கேள்வியும் இதே மாதிரிதான். பத்துப் பத்து ஆண்டாகக் கோடு போட்டு, கேட்ட ஆண்டுகளுக்கு நேரே நிகழ்ச்சியை எழுதினால் மதிப்பெண். எது எதனால் வந்தது என்று அந்தக் கோட்டில் எழுத இடமே கிடையாது.

ஜூன் 14, பின்னிரவு

இன்னொன்று. பதினைந்து வயதில் இந்தப் பாடத்துக்குக் கதவை மூடிவிடுகிறோம். பதினொன்றாம் வகுப்பில் பயோ மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவன் அதற்குப் பிறகு வாழ்நாளில் ஒரு வரலாற்றுப் புத்தகத்தையோ புவியியல் புத்தகத்தையோ திறக்க வேண்டியதில்லை. ஹிஸ்டரி குரூப் எடுத்த பிள்ளையை வீட்டிலேயே ஒரு மாதிரி பார்க்கிறார்கள், "மார்க் வரலையா?" என்று உறவினர்கள் விசாரிக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சோஷியல் பீரியட் என்றால் மேத்ஸ் மிஸ் வந்து வாங்கிக்கொள்கிற பீரியட். நான் படித்த பள்ளியில் மூன்றாம் பருவம் முழுக்க அப்படித்தான் போயிற்று, எங்கள் சோஷியல் சார் அறை வாசலில் சாக்பீஸோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். பாடத்தை நாமே அவ்வளவு மலிவாக நடத்திவிட்டு, பிள்ளைகள் மதிக்கவில்லை என்று குறை சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், வேலை வேண்டும் என்றதும் எல்லோரும் இதே பாடத்துக்குத்தான் திரும்பி வருகிறார்கள். குரூப் 4இல் தமிழுக்கு 100 கேள்வி போக மீதி 100இல் 75 பொது அறிவு. என்ஜினீயரிங் முடித்தவனும் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிறான். படிக்கப் படிக்க, "இது நல்லாத்தான் சார் இருக்கு, அப்பவே யாராவது இப்படிச் சொல்லியிருக்கலாம்" என்கிறான். இதை நான் அடிக்கடி கேட்கிறேன்.

ஜூன் 21

இன்று மொட்டை மாடியில் வகுப்பு. மேகம் விலகிக் கொடுத்தது.

ஒரு மீட்டர் குச்சி, ஒரு தூக்குக்குண்டு, சாக்பீஸ். "நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் இருக்கும்" என்று எல்லோரும் நம்புகிறார்கள். சரி, பார்ப்போம் என்று குச்சியை நேராக நிறுத்தினோம். பன்னிரண்டு மணிக்கு நிழல் இன்னும் சுருங்கிக்கொண்டிருந்தது. மிகக் குறுகியது பன்னிரண்டே காலுக்கு. அந்தக் கால் மணி நேரம் ஏன்? இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, வேலூர் ஏறக்குறைய 79 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். அவர்களே கணக்குப் போட்டார்கள், பதினான்கு நிமிடம் வந்தது. மனப்பாடம் செய்திருந்த 82.5க்கு முதல் தடவையாக ஒரு வேலை கிடைத்தது.

அதைவிடப் பெரிய வியப்பு, நிழல் விழுந்த பக்கம். தெற்கே, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக. அப்படியென்றால் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது! வேலூர் 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது, இன்று சூரியன் 23½ டிகிரியில் கடகரேகைக்கு மேல். ஏப்ரல் 24 வாக்கில் நம் தலைக்கு மேலே கடந்து வடக்கே போனது, ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி கடந்து தெற்கே திரும்பும். ஆண்டுக்கு அந்த இரண்டு முறைதான் நிழலில்லா நண்பகல். டெல்லிக்காரருக்கு அது ஒருநாளும் கிடையாது, ஏனென்றால் டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது. ஒரு பையன் குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து, "அப்போ எங்க வீட்டு வடக்கு ஜன்னல்ல இந்த மாசம் வெயில் வர்றது இதனாலதானா?" என்றான். இருபத்திரண்டு வயசு. அந்த ஜன்னலோரம்தான் அவன் படுக்கை.

ஜூன் 22

கீழே ஒருவர், "இது அறிவியல், புவியியல் இல்லை" என்கிறார். ஜவ்வாது மலையில் காவலூரில் வானாய்வகம் இருப்பதற்குக் காரணங்களில் ஒன்று இந்த அட்சரேகை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வட வானம், தென் வானம் இரண்டிலும் பெரும்பகுதியை அங்கிருந்து பார்க்கலாம். 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986இலிருந்து அங்கே நிற்கிறது. இது எந்தப் பாடம் என்று பிரித்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஆர்வமில்லை.

ஜூலை 2

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி நடந்தேன். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: அந்தத் தெருக்களில் லாட்ஜ், மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாவற்றிலும் வங்காள எழுத்தில் போர்டு இருக்கும். கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். கடுகெண்ணெய் தாளிக்கிற வாசனை தெரு முழுக்க இருக்கும். எங்கள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் சேர்த்து அவர்கள் வைத்திருக்கிற பெயர் "இந்திக்காரங்க".

ஒரு டீக்கடையில் நின்றோம். பக்கத்தில் இரண்டு குடும்பம், இரண்டும் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்தன. ஒன்று மேற்கு வங்கம், ஒன்று வங்கதேசம். "ஒரே மொழிதானே சார், இவங்க மட்டும் ஏன் விசா வாங்கிட்டு வரணும்?" என்று ஒரு பெண் என் காதில் கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் நடந்தோம். 1947இல் வங்காளம் ஏன் இரண்டானது, கிழக்குப் பாகிஸ்தான் என்றால் என்ன, நடுவே இவ்வளவு பெரிய இந்தியா இருக்க ஒரு நாடு இரண்டு துண்டாக எப்படி இருந்தது, அங்கே உருதுவைத் திணித்தபோது டாக்காவில் 1952இல் மாணவர்கள் எப்படி உயிர் விட்டார்கள், 1971இல் என்ன ஆனது, எல்லாவற்றையும் நின்றபடியே பேசினோம். மொழிக்காக மாணவர்கள் செத்தார்கள் என்றதும் நம் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை ஒருவன் தானாகவே எடுத்தான். அடுத்த வகுப்புக்கு இரண்டையும் படித்துக்கொண்டு வந்தார்கள், நான் சொல்லவே இல்லை.

காட்பாடியில் நிற்கிற விவேக் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ருகர் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அந்த ஒரு ரயிலின் நிறுத்தங்களை வரிசையாகத் தெரிந்துகொண்டாலே இந்தியாவின் கிழக்குப் பாதி கைக்குள் வந்துவிடும்.

ஜூலை 10

இன்று தேதியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. காலையில் மக்கான் சந்திப்பில் நினைவுத்தூணுக்கு மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பையன்களிடம் என்ன விசேஷம் என்று கேட்டேன். "ஏதோ தலைவர் பிறந்தநாள்" என்றார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கோட்டைக்கு எதிரே நின்றுகொண்டு சொன்ன பதில் அது.

வேலூர்ப் புரட்சி என்றால் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, சிப்பாய்கள் எதிர்த்தார்கள், ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார். பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். முன்னும் பின்னும் எதுவும் கிடையாது. திப்பு மைசூர்ப் பாடத்தில் வருகிறார், கட்டபொம்மன் பாளையக்காரர் பாடத்தில், வேலூர் அதற்கடுத்த பாடத்தில். என் வகுப்பில் ஒருவன் கட்டபொம்மனுக்கும் திப்புவுக்கும் நடுவில் நூறு வருஷமாவது இருக்கும் என்று நினைத்திருந்தான்.

திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தது 1799 மே 4. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது அதே 1799, அக்டோபர் 16. ஐந்தரை மாதம்! மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில். அதே 1801 ஜூலையில்தான் ஆற்காட்டு நவாபின் நாடு முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. மைசூர் விழுந்ததால் கம்பெனிக்கு மேற்கிலிருந்து பயம் போயிற்று, அதனால் தெற்கே முழுக் கையையும் ஓங்க முடிந்தது. திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் கொண்டுவந்து அடைத்த இடம் எது? வேலூர்க் கோட்டை. ஏழு வருஷம் கழித்து அதே கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது ஏற்றிய கொடி மைசூர்க் கொடி. விடிவதற்குள் ஆங்கிலேயர் நூற்றுக்கு மேல் செத்தார்கள். முற்பகலுக்குள் கோட்டை திரும்பப் பிடிபட்டு, பல நூறு சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் கொல்கத்தாவில் திப்பு குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் அன்வர் ஷா பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி ஏன் அவ்வளவு சீக்கிரம் வர முடிந்தது? தூரம் 25 கிலோமீட்டர்தான், பாலாற்றுச் சமவெளி, நடுவே மலை கிடையாது. இது புவியியல்.

இன்னொரு முடிச்சு. அப்போது சென்னை கவர்னர் வில்லியம் பெண்டிங். வேலூரில் நடந்ததற்காக அவரையும் படைத்தலைவர் கிரடாக்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அதே பெண்டிங்தான் 1828இல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்து 1829இல், கணவன் சிதையில் மனைவியை எரிக்கிற சதி வழக்கத்தை ஒழித்தவர். "சதி ஒழிப்பு, பெண்டிங், 1829" என்று பிள்ளைகள் தூக்கத்தில் சொல்வார்கள். அவர் நம் ஊர்க் கலகத்தால் வேலை போனவர் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

ஜூலை 11

"இதெல்லாம் உள்ளூர்ப் பெருமை, பொது வரலாறு ஆகாது" என்று ஒரு கருத்து. பொது வரலாறு எங்கேயாவது ஓர் ஊரில்தானே நடந்திருக்கும்? என் பிள்ளைகளுக்கு அது வேலூரில் தொடங்கட்டும். திருநெல்வேலிப் பிள்ளைகளுக்குக் கயத்தாறில் தொடங்கட்டும், தரங்கம்பாடிப் பிள்ளைகளுக்கு 1620இல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டையில். அங்கிருந்து கோபன்ஹேகன் வரை போகலாம்.

வேலூரிலிருந்தும் கடல் தாண்டலாம். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1815இல் முடியிழந்தவர், இதே கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவர் சமாதி இருக்கிறது. இலங்கையிலிருந்து வருகிறவர்கள் தேடி வந்து பார்க்கிறார்கள். அதே சாலையில் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு அது ஏதோ மண்டபம். மதுரை நாயக்கர் வழி உறவில் வந்த ஒருவர் கண்டியில் எப்படி அரசரானார் என்று ஆரம்பித்தால் ஒரு மாலைப் பொழுது போதவில்லை.

ஜூலை 13

திசை, தூரம் என்று இவ்வளவு எழுதியபின் மேப் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். திப்புவை வீழ்த்திய படையில் இருந்த வில்லியம் லாம்டன், பிடித்த நாட்டை அளக்க வேண்டும் என்று திட்டம் கொடுத்தவர். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தில் சங்கிலி பிடித்து ஓர் அடிக்கோடு அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய வேலை அந்தக் கோட்டிலிருந்துதான் வளர்ந்து, எவரெஸ்ட்டின் உயரம் வரை போனது. கோணம் அளக்கிற, அரை டன் கனமுள்ள தியோடலைட் கருவியை 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச் சேதமானது. அவ்வளவு தட்டையான டெல்டாவில் உயரமான இடம் வேறு எது? ராஜராஜன் 1010இல் முடித்த கோபுரம் எட்டு நூற்றாண்டு கழித்து ஒரு வெள்ளைக்காரருக்கு மேடையாக வேண்டியிருந்தது.

சென்னைப் பையன் ஒருவன், தினமும் பரங்கிமலை ஸ்டேஷனில் மெட்ரோ மாறுகிறவன், இதைக் கேட்டுவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே மலை ஏறிப் பார்த்ததாகச் சொன்னான்.

ஜூலை 19

"தெரியாததால் என்ன நஷ்டம்? சோறு கிடைக்காமல் போய்விடுமா?" இது கீழே வந்திருக்கிற கேள்வி. கோபமாகக் கேட்டிருந்தாலும் முக்கியமான கேள்வி.

வேலூரில் உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்று வகுப்பில் கேட்டேன். "டேங்க்கிலிருந்து" என்றார்கள். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாயில், மலையும் மாவட்டமும் தாண்டி வருகிறது. பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு காவிரியைக் குடிக்கிறோம். நந்தி மலையில் பிறந்து, கர்நாடகம், ஆந்திரம் கடந்து, 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் கடலைத் தொடுகிற ஆறு நம் பக்கத்திலேயே இருக்கிறது. மேலே இரண்டு மாநிலத்திலும் தடுப்பணைகள், நாமே அள்ளிய மணல், வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை தோல் தொழிற்சாலைக் கழிவு. இந்தக் கழிவுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறியை நாட்டுச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது. இந்தியாவில் சட்டம் படிக்கிற மாணவர்கள் வேலூர் வழக்கு என்று படிக்கிறார்கள். வேலூர்ப் பிள்ளைகள் என்னிடம் முதல் முறையாகக் கேட்கிறார்கள்.

நஷ்டம் என்ன என்றால் இதுதான். ஆறு எப்போதும் காய்ந்தே கிடக்கும் என்று நினைப்பவன் அதன் ஓரத்தில் மனை வாங்குவான். 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனது, அந்த ஊரில் நினைவுத்தூண் நிற்கிறது. 2021 நவம்பரில் மறுபடி கரை கொள்ளாமல் வந்தது. பாலத்தின் மேல் நின்று செல்பி எடுத்த கூட்டத்தில் என் மாணவர்களும் இருந்தார்கள். "இவ்ளோ தண்ணி எங்க இருந்து சார் வந்துச்சு?" என்று போன் போட்டுக் கேட்டார்கள். என்னிடம் அந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அதை வெள்ளம் வருவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய ஊர் இது.

ஜூலை 20

ஒருவருக்குப் பதில்: இல்லை, பிள்ளைகள் சோம்பேறிகள் என்று நான் எங்கும் எழுதவில்லை, நினைக்கவும் இல்லை. உணவு டெலிவரி செய்கிற மாணவன் ஒருவனுக்கு சத்துவாச்சாரியில் எந்தச் சந்து எதில் போய் முட்டும் என்று போன் பார்க்காமல் தெரியும். கால்பந்து பார்க்கிறவனுக்கு ஜெர்மனியில் டார்ட்மண்ட் எங்கே இருக்கிறது என்று தெரியும். தேவை வந்தால், ஆசை வந்தால், நிலம் மனசில் பதிகிறது. அந்த மூளைக்கு எந்தக் குறையும் இல்லை. பதினாறு வயசுக்கு மேல் அவனிடம் நிலத்தைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் ஒரு கேள்விகூட நாம் கேட்காததுதான் குறை.

ஆகஸ்ட் 18

மேகம். நிழலில்லா நண்பகலைப் பார்க்க முடியவில்லை. அந்த வடக்கு ஜன்னல் பையன் மட்டும் மதியம் பன்னிரண்டே காலுக்கு மாடியில் குடையோடு நின்றான். ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 24

"வீட்டில் என்ன செய்யலாம்?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். பெரிதாக எதுவும் வேண்டாம். பயணத்தில் ஜன்னலோரம் பிள்ளையை உட்கார வைத்து, தாண்டுகிற ஒவ்வொரு ஆற்றுக்கும் பெயர் கேளுங்கள், எங்கே போகிறது என்று கேளுங்கள். கோயிலுக்குப் போனால் கல்வெட்டைத் தொட்டுவிட்டு வராமல், யார் காலம், அப்போது உலகத்தில் வேறென்ன நடந்தது என்று ஒரு கேள்வி. வீட்டில் சுவரில் ஒரு இந்திய மேப், ஒரு உலக மேப். செய்தியில் ஒரு ஊர் பெயர் வந்தால் எழுந்து போய் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள், அதற்குத்தான் போன் இருக்கிறது.

இப்போது எனக்கு ஓர் உதவி வேண்டும். பாலாற்றுப் பாதையில் இருக்கிறவர்கள், வாணியம்பாடி, ஆம்பூர், ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வரை யாரானாலும், உங்கள் தெருக் குழாயில் வருகிற தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த ஏரியிலிருந்து, எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று நகராட்சியிலோ ஊராட்சியிலோ விசாரித்து இங்கே எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்பி விசாரிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. ஆற்றின் வரிசைப்படி தொகுத்துப் பெரிய தாளில் வரைந்து வகுப்பில் மாட்டப் போகிறோம். கோலார், குப்பம் பக்கம் உறவினர் இருப்பவர்கள் அங்கேயும் கேட்டுச் சொல்லுங்கள், ஆற்றின் மேல்பாதி எங்கள் தாளில் இன்னும் காலியாகவே இருக்கிறது.